குமரிக் கரையைக் கடலிலிருந்து பார்க்க: முதல் முறை கயாக் ஏறுகிறவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரையில் நடந்து போனால் ஒரு நேரத்தில் ஓர் ஊர்தான் கண்ணில் படும். கடலுக்குள் அரைக் கிலோமீட்டர் போய்த் திரும்பிப் பார்த்தால் எல்லாம் ஒரே பார்வையில் வந்துவிடும். பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிக் குன்றுகள், சற்று முன்னால் தனித்து நிற்கும் மருந்துவாழ்மலை, அதற்கும் முன்னால் பனையும் தென்னையும் தேவாலயக் கோபுரங்களும், நீரோரத்தில் ஒரு கருங்கல் கோட்டை. கப்பலில் வந்தவர்கள் இந்த முனையை இப்படித்தான் பார்த்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மாலுமிக் குறிப்பு ஒன்று குமரி முனையையும், இங்கிருந்த துறைமுகத்தையும், இங்கே நீராடி நோன்பிருக்க வந்தவர்களையும் பற்றிச் சொல்கிறது. அந்தப் பார்வையை நமக்குத் தரக்கூடியது கயாக், அதாவது உட்கார்ந்து துடுப்பு போட்டுப் போகும் சிறு படகு. இன்ஜின் சத்தம் கிடையாது, உட்கார்ந்தால் நீர்மட்டத்திலேயே இருப்போம், வேண்டிய இடத்தில் நின்று பார்க்கலாம்.

ஆனால் இது ஏரி இல்லை. இங்கே கடல் பழகியவர்களையே ஏமாற்றும். அதனால் தனியாகப் போவதைப் பற்றி இந்தக் கட்டுரையில் எதுவும் இல்லை. வழிகாட்டியோடு, சரியான நாளில், சரியான பாதையில் போவது எப்படி என்பதுதான் இதில் இருக்கிறது.

முதலில் நாள்

ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு அப்புறம் கடலைப் பற்றி யோசிக்க வேண்டாம். மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டவே வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்றில் நீரோடியிலிருந்து குமரி முனை வரை மேற்குக் கரை முழுவதும் அலை ஏறி அடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போயிருந்த இம்மாவட்டத்து மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் அந்த இழப்பு இன்றும் வீடுகளுக்குள் இருக்கிறது. புதியவருக்கு ஏற்ற காலம் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முதல் பாதி வரை.

ஏப்ரல், மே மாதங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விடுமுறைக்கு எல்லோரும் வருவது அப்போதுதான். வானம் தெளிவாக இருக்கும், காற்றும் பெரிதாக இருக்காது. ஆனால் தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் வீசிய புயற்காற்று எழுப்பிய அலை, சில நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்றே இல்லாதபோதும் கடல் திடீரென உயரும். இதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. அவர்கள் கடலுக்குள் தொலைவாகப் போகவில்லை, கரையோரத்தில்தான் நின்றார்கள். எச்சரிக்கை இருக்கும் நாளில் கயாக்கைத் தொடவே கூடாது.

இந்த எச்சரிக்கையை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் வெளியிடுகிறது. அலையின் உயரம், இரு அலைகளுக்கு இடையிலான நேரம், காற்றின் வேகம் மூன்றும் அதில் கிடைக்கும். முதல் பயணத்துக்கு நான் சொல்லும் அளவு இது: அலை உயரம் ஒரு மீட்டருக்குள், காற்று மணிக்கு 15 கிலோமீட்டருக்குள். உயரம் குறைவாக இருந்தாலும் அலைகளுக்கு இடையிலான நேரம் 14 நொடிக்கு மேல் போனால் ஒத்திவையுங்கள். அப்படிப்பட்ட அலை நடுக்கடலில் தெரியாது, கரையில் வந்துதான் தன் பலத்தைக் காட்டும்.

இன்னொரு அடையாளம் உண்டு. விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுகளைக் கடல் சரியில்லை என்று நிறுத்தியிருந்தால் உங்கள் பயணமும் அன்று இல்லை. பெரிய படகே கட்ட முடியாத கடலில் நமக்கு வேலை இல்லை.

எல்லாவற்றையும் பார்த்த பிறகும், முந்தைய நாள் மாலை துறையில் வலை சரிசெய்துகொண்டிருக்கும் ஒருவரிடம் "அண்ணே, நாளைக்குக் கடல் எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். "போவாண்டாம் மக்களே" என்று சொன்னால் போகாதீர்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, காற்று எப்போது மாறும் என்பதெல்லாம் எந்தச் செயலியைவிடவும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கரையிலுள்ள மலையையும் கோபுரத்தையும் ஒன்றோடொன்று நேர்கோட்டில் வைத்து, கண்ணுக்குத் தெரியாத கடலடிப் பாறை இருக்கும் இடத்தைத் துல்லியமாகப் பிடிக்கிறவர்கள் அவர்கள்.

வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவை

கடைத்தெருவில் போய்க் கேட்டால் உடனே கயாக் கிடைக்கும் ஊர் இதுவல்ல. சில வாரம் முன்பே பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். பேசும்போது தயங்காமல் கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? நான்கு பேருக்கு மேல் புதியவர்கள் இருந்தால் இரண்டாவது வழிகாட்டி வேண்டும். துணைக்கு மோட்டார் வைத்த ஃபைபர் வள்ளம் வருமா, அதை ஓட்டுபவர் அந்தக் கரையைச் சேர்ந்தவரா? முதலுதவிப் பயிற்சியும் கடலில் ஆளை மீட்கும் பயிற்சியும் யாருக்கு இருக்கிறது? ரேடியோ உண்டா, செல்போனை மட்டும் நம்புகிறார்களா? துறைமுகத்திலிருந்து இறங்க மீன்வளத் துறையிடமும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திடமும் சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறார்களா?

கடைசியாக, "கடல் சரியில்லை என்றால் பணம் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். தேதி மாற்றித் தருவோம் என்று தயங்காமல் சொல்பவரிடம் போங்கள். பணத்தைத் திருப்பித் தர வேண்டுமே என்று பயப்படும் வழிகாட்டி மோசமான காலையிலும் உங்களைக் கடலில் இறக்கிவிடுவார்.

நீங்களும் அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். வலிப்பு, இதய நோய், தோள்பட்டை விலகிய பழைய காயம், கர்ப்பம் எதையும் மறைக்கக் கூடாது. நீச்சல் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் லைஃப் ஜாக்கெட்டோடு தண்ணீரில் விழுந்தால் பதற்றப்படாமல் மிதக்கத் தெரிய வேண்டும். அது வரவில்லை என்றால் முதலில், கீழே சொல்லும் மணக்குடிக் காயல் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்தப் பாதை

புதியவருக்கு நான் சொல்வது ஒரே பாதைதான்: சின்னமுட்டம் துறைமுகத்தில் இறங்கி, ஆரோக்கியபுரம், லீபுரம் கரையைத் தொட்டு வட்டக்கோட்டை வரை போய்த் திரும்புவது. போக நான்கைந்து கிலோமீட்டர், வர அதே அளவு. கரை கிழக்கு நோக்கி இருப்பதால் தென்மேற்கு அலை நேராக வந்து அடிப்பதில்லை. துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்குள்ளேயே ஏறி இறங்கலாம் என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி. கடல் கயாக்கில் விபத்து அதிகம் நடப்பது நடுக்கடலில் இல்லை, கரையில் அலை உடையும் அந்தச் சில மீட்டரில்தான்.

முட்டம் அழகுதான். செம்மண் மேடும் பாறைகளும் கலங்கரை விளக்கமும் கடலிலிருந்து பார்க்க மனதை அள்ளும். ஆனால் பாறையில் மோதித் திரும்பும் அலையும் வரும் அலையும் சேர்ந்து நீரைக் கொதிக்க வைக்கும் இடம் அது. கடியப்பட்டணம் வரை பாறைகள் நீருக்கடியிலும் உண்டு. நன்றாகப் பழகிய பிறகு போகலாம். தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தை எந்தத் தகுதியோடும் முயல வேண்டாம். அங்கே மணல் மேடிட்டு, அலை எழும்பி, வள்ளங்கள் கவிழ்ந்து பல மீனவர்கள் இறந்திருக்கிறார்கள். குமரி முனையைச் சுற்றி வருவதும் புதியவருக்கு இல்லை. வட்டக்கோட்டையைத் தாண்டிக் கூடங்குளம் பக்கம் போகும் எண்ணமும் வேண்டாம், அது பாதுகாப்பு வளையம்.

முந்தைய நாள்: மணக்குடியில் பயிற்சி

நேரே கடலுக்குப் போகாதீர்கள். பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் காயலில் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்ய வேண்டும் என்று வழிகாட்டியிடம் வற்புறுத்துங்கள். சுற்றிலும் அலையாத்திச் செடிகள், நீர்ப்பறவைகள். மேல மணக்குடியும் கீழ மணக்குடியும் 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடுமையாக அடிபட்ட ஊர்கள். இரண்டையும் இணைத்த பாலத்தையே அந்த அலை பெயர்த்தது. அந்த ஊர்க்காரர்களின் நீரில்தான் நாம் பழகுகிறோம் என்ற நினைப்பு இருக்கட்டும். ஆறு கடலில் சேரும் வாயான பொழிமுகம் திறந்திருந்தால் அந்தப் பக்கம் நெருங்கக் கூடாது. ஆற்று நீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். நாகர்கோவிலின் கழிவும் இந்த ஆற்றில் கலப்பதால் பயிற்சி முடிந்ததும் நல்ல தண்ணீரில் குளித்துவிடுங்கள்.

முதல் பயணத்துக்கு மேலே உட்காரும் வகைக் கயாக் போதும், இருவர் போவதாக இருந்தால் இன்னும் நல்லது. முதுகை நிமிர்த்தி, கால்களை மிதியில் ஊன்றி, முழங்காலைச் சற்று மடக்கி உட்காருங்கள். துடுப்பைத் தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் அகட்டிப் பிடியுங்கள். இறுக்க வேண்டாம், இறுக்கினால் அரை மணியில் மணிக்கட்டு வலிக்கும். கால் விரலுக்கு நேரே துடுப்பை நீரில் இறக்கி, இடுப்புக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். கையால் இழுக்காமல் உடம்பைத் திருப்பி அந்த விசையால் தள்ள வேண்டும். இதைப் பழகிவிட்டால் மூன்று மணி நேரம் போகலாம், கையை மட்டும் நம்பினால் ஒரு மணிதான். திரும்ப, துடுப்பைக் கயாக்கிலிருந்து தள்ளி முன்பக்கமிருந்து பின்பக்கம் வரை அரைவட்டமாக வீசுங்கள். எந்தப் பக்கம் வீசுகிறீர்களோ அதற்கு எதிர்ப்பக்கம் கயாக்கின் மூக்கு திரும்பும்.

அப்புறம் வேண்டுமென்றே கவிழுங்கள். இந்தப் பயிற்சியை எவரும் விடக் கூடாது. விழுந்ததும் ஒரு கையில் துடுப்பு, மறு கையில் கயாக் இருக்க வேண்டும். கயாக்கை விட்டுக் கரைக்கு நீந்தப் பார்க்காதீர்கள், மிதக்கும் பெரிய பொருள் அதுதான், தூரத்திலிருந்து தேடுபவர் கண்ணுக்குத் தெரிவதும் அதுதான். கவிழ்ந்த அடிப்பகுதி மேலாகக் கையை நீட்டி அந்தப் பக்க வாரைப் பிடித்து இழுத்தால் நிமிர்ந்துவிடும். நடுப்பகுதிக்கு வந்து, கால்களை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து உதைத்து, வயிறு குறுக்கே படும்படி ஏறுங்கள். கால்களைக் கீழே தொங்கவிட்டபடி ஏற முயன்றால் கயாக் மறுபடி உங்கள் மேல் கவிழும். படுத்தபடியே திரும்பி உட்கார வேண்டும், எழுந்து நிற்கக் கூடாது. உதவி இல்லாமல் இருமுறை ஏற முடிந்தால்தான் மறுநாள் கடல்.

காலையில்

பிப்ரவரியில் சூரியன் ஆறரை மணிக்குப் பிறகுதான் எழும். வெளிச்சம் வந்ததும் இறங்கி, பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும். வெயில் ஏற ஏறக் கடற்காற்று வலுக்கும்.

வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள், வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லியோ வாழைப்பழமோ போதும். முழுக்கைச் சட்டை, சீக்கிரம் காயும் துணி. ஜீன்ஸும் சேலையும் துப்பட்டாவும் தண்ணீரில் கனக்கும், கையில் காலில் சுற்றும். பாறைக் கரையானதால் பின்வார் உள்ள செருப்பு அல்லது பழைய கான்வாஸ் ஷூ. தொப்பிக்கும் கண்ணாடிக்கும் கயிறு. தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது. செல்போனை நீர்புகாப் பையில் போட்டு உடம்போடு கட்டுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 இரண்டையும் அதில் பதிந்து வையுங்கள். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது உங்களுடைய அளவு இல்லை. விசில் அதிலேயே கட்டியிருக்க வேண்டும்.

துறைமுகத்தில் விசைப்படகுகளுக்குத்தான் முதல் உரிமை. அது அவர்களுடைய பிழைப்பு, நமக்கு அது ஒரு காலை நேரம். வாயில் பக்கம் படகு வரும்போது உள்ளேயே ஓரமாக நின்று வழிவிடுங்கள். அந்த உயரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கயாக் தெரியாமலும் போகலாம். கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். இந்த மாவட்டத்தில் இரண்டும் உண்டு, சின்னமுட்டம் கிழக்குக் கணக்கில் வரும். தடைக்காலத்தில் துறைமுகம் காலியாக இருக்கிறதே என்று யாரும் அழைத்தால், மேலே சொன்ன கள்ளக்கடலை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரை ஊர்களில் தொழிலுக்குப் போக மாட்டார்கள், தேவாலயத்துக்குப் போவார்கள். கடலில் போக்குவரத்துக் குறையும். ஆனால் ஆபத்து என்றால் ஓடிவரும் வள்ளமும் இருக்காது. நான் வார நாளையே சொல்வேன்.

வட்டக்கோட்டை வரை

அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டியதும் கடல் தன் தாளத்துக்கு உங்களைத் தூக்கி இறக்கும். முதல் பத்து நிமிடம் பயமாக இருக்கும். கயாக்கைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள், இடுப்பைத் தளர்த்தி விடுங்கள். கயாக் ஆடட்டும், மேல் உடம்பு ஆடாமல் இருந்தால் போதும். தலைசுற்றினாலும் இதுவே மருந்து.

இந்த மாதங்களில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். அதாவது போகும்போது எதிர்காற்று, களைத்துத் திரும்பும்போது பின்காற்று. இந்தப் பாதையை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம் இது. ஆனால் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கித் திரும்பினால் உடனே வழிகாட்டியிடம் சொல்லுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று எவ்வளவு வலுவானது என்பதற்கு முப்பந்தல் காற்றாலைகளே சாட்சி. தரைக்காற்றில் கரையோர நீர் வழுவழுவென்று அமைதியாகத் தெரியும். ஆனால் அது உங்களைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கரையிலிருந்து அரைக் கிலோமீட்டருக்கு மேல் விலக வேண்டாம்.

வழியில் வலைகளின் மிதவைகள் வரும். அவற்றைக் குறுக்கே கடக்காமல் சுற்றிப் போங்கள். கரமடி இழுக்கிறார்கள் என்றால் கரையில் இருபுறமும் ஆட்கள் வடம் பிடித்திருப்பார்கள், நடுவில் இருக்கும் வலை கடலுக்குள் நீளமாகக் கிடக்கும். வெளிப்பக்கமாக நன்றாகத் தள்ளிப் போக வேண்டும். பாறையோரம் காற்றடைத்த ட்யூப் தனியாக மிதந்தால் அதன் கீழே ஒருவர் சிப்பி எடுக்க மூழ்கியிருக்கலாம்.

லீபுரம் தாண்டியதும் கோட்டை தெரியத் தொடங்கும். நிலத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது பூங்காவும் கொத்தளமும் உள்ள ஓர் அமைதியான இடம். கடலிலிருந்து பார்த்தால்தான் இது எதற்காகக் கட்டப்பட்டது என்பது விளங்கும். நீரிலிருந்தே எழும் கருங்கல் மதில் உங்களை நேருக்கு நேர் பார்க்கும். கடலில் வருகிறவனைத் தடுப்பதற்கென்றே எழுந்த சுவர் அது.

அதைக் கட்டியவரும் கடல்வழியே எதிரியாக வந்தவர்தான். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவோடு மிளகு வணிகத்துக்காக மோதிய டச்சுக் கம்பெனி 1741-இல் குளச்சலில் படையை இறக்கியது. அந்தப் போர் நடந்தது ஆடிக் கடலில். அந்த மாதத்தில் உதவிக்கு ஆளையும் உணவையும் கரையில் இறக்குவது என்ன பாடு என்று குளச்சலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டச்சுப் படை தோற்றுச் சரணடைந்தது. பிடிபட்டவர்களில் ஒருவரான தே லனாய் பின்னர் மன்னரிடமே பணியில் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, அதன் தளபதியாக உயர்ந்தார். இந்தக் கோட்டையை இன்றைய வடிவில் எழுப்பியவர் அவர். மதிலுக்குள் பாண்டியரின் மீன் சின்னமும் காணப்படுவதால் இந்த இடத்தின் கதை அவருக்கும் முந்தையது.

கோட்டைச் சுவரிலிருந்து நூறு மீட்டராவது தள்ளி நின்று பாருங்கள். சுவரில் மோதும் அலை திரும்பி வந்து அடுத்த அலையோடு முட்டும், அந்த இடத்தில் கயாக் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. நின்று தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும்போது தெற்கே 133 அடி வள்ளுவர் சிலை சிறியதாகத் தெரியும். குமரியம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று எண்ணிக் கப்பல்கள் பாறையில் மோதியதால்தான் கோயிலின் கிழக்கு வாசலை அடைத்தார்கள் என்று சொல்வார்கள். அந்தக் கதை எந்தக் கடலில் பிறந்தது என்பது இங்கிருந்து பார்க்கும்போது புரியும்.

கரையேறுதல்

முடிந்தவரை துறைமுகத்துக்குள்ளேயே திரும்பி ஏறுங்கள். ஏதோ காரணத்தால் திறந்த மணலில் ஏற வேண்டி வந்தால், அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று காத்திருங்கள். பெரிய அலைகள் சில சேர்ந்து வரும், பிறகு கொஞ்சம் ஓய்வு வரும். வழிகாட்டி முதலில் ஏறி, கையை உயர்த்திக் கூப்பிட்டால் ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். கடைசிப் பெரிய அலையின் முதுகுக்குப் பின்னால், கயாக்கின் மூக்கு கரைக்கு நேராக இருக்கும்படி துடுப்பு போடுங்கள். பக்கவாட்டில் திரும்பிவிட்டால் கவிழும், அப்போது கயாக்குக்கும் கரைக்கும் நடுவில் நிற்காதீர்கள். நீர் நிரம்பிய கயாக்கை அலை தூக்கி எறிந்தால் கால் முறியும். எப்போதும் அதன் கடல் பக்கமாக இருங்கள்.

ஏறியதும் உப்பைக் கழுவி, துணி மாற்றி, வழிகாட்டியின் கயாக்குகளைத் தூக்கிவைக்க உதவுங்கள். துணி மாற்ற மறைவான இடத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள், துறை என்பது குடும்பங்கள் புழங்கும் இடம். மீன் இறக்குவதைப் படம் எடுக்க வேண்டும் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள். சாப்பாட்டுக்கு மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளைக் குழம்பும் கிடைத்தால் வேறெதுவும் தேட வேண்டாம். பருவமாக இருந்தால் சாலையோரத்தில் அக்கானி என்ற பதநீரும் கிடைக்கும்.

மதியம் தூங்கி எழுந்து, வட்டக்கோட்டையை இப்போது நிலத்தின் பக்கமாகப் போய்ப் பாருங்கள், மேலேறி நின்றால் காலையில் நீங்கள் வந்த வழி முழுவதும் கீழே கிடக்கும். மறுநாள் நேரம் இருந்தால் குளச்சலில் வெற்றித் தூணைப் பார்த்துவிட்டு, தக்கலை அருகே புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குப் போகலாம். 1777-இல் இறந்த தே லனாயின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. நாகர்கோவில் வடசேரியிலிருந்து தக்கலைப் பக்கம் போகும் பேருந்தில் ஏறினால் புலியூர்க்குறிச்சியில் இறங்கிக்கொள்ளலாம்.